எட்டு ரப்பர் புஷ்: எஹலியகொடையில் ஒரு மிட்ஜெட்டும் நம்ம ஊர்ப் பாலும்

எஹலியகொட டவுனுக்கு நாங்க போனது காருக்காக இல்லை. பழைய செக்ரோல் புத்தகம் ஏதாவது யார் வீட்டுப் பரணிலாவது மிஞ்சிக் கிடக்குமா என்று பார்க்கத்தான் போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. கறையான் தின்றது பாதி, அடுப்புக்குப் போனது மீதி என்றார்கள். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. (எஹலியகொட மழையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) ஏ4 வீதியோரம் இருந்த ஒரு கராஜின் தகரக் கூரைக்குள் ஓடி ஒதுங்கினோம். அங்கே நாலு கல்லின் மேல் நின்றது ஒரு குட்டிச் சிவப்புக் கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு. முன்பக்க இடது சக்கரம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"எம்.ஜி. மிட்ஜெட் தம்பி. ஸ்போர்ட்ஸ் காரு" என்றார் பாஸ். லயத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். அவர் கையில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இருந்தது. வெடித்து, ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. இதுதான் புஷ், இது மாதிரி எட்டு வேணும், எட்டும் இல்லாமத்தான் கார் இரண்டு வருசமா கல்லு மேல நிக்குது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல இருக்கறது நம்ம தோட்டத்துப் பாலுதான். இங்கேருந்து போயி, இப்படி வந்திருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கார். மிட்ஜெட் 1961இல் இங்கிலாந்தில் எபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதற்கு மூன்று வருடம் முந்தி, 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்தான் இதன் அண்ணன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நமக்கு ஏதோ ராஜாக்கள் வீட்டுச் சாமான் மாதிரித் தோன்றும். உண்மையில் இவை மலிவான குடும்பக் கார்களின் உறுப்புகளைப் பொறுக்கி எடுத்துச் செய்தவை. இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் ஒஸ்டின் ஏ35இலிருந்து வந்தன, ஸ்டியரிங் றாக் மொரிஸ் மைனரிலிருந்து. தபால்காரரும் டொக்டரும் ஓட்டிய கார்களின் எலும்பை வைத்து, மேலே அழகான தோல் போர்த்திய வண்டி என்று சொல்லலாம். 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே கம்பனியானதால் இது முடிந்தது.

இலங்கையில் இந்தக் கார்கள் இன்றைக்கும் பிழைத்திருப்பதற்குக் காரணமும் இந்த உறவுமுறைதான். மிட்ஜெட் இங்கே அபூர்வம். மைனர் அபூர்வம் இல்லை. சின்ன வீட்டுக்காரனிடம் கடன் வாங்கிப் பெரிய வீட்டுக்காரன் பிழைத்த கதை இது.

சரி, புஷ் என்ன வேலை செய்கிறது? சக்கரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு, விஷ்போன் என்பார்கள். சக்கரம் குழியில் விழுந்து எழும்பும்போது இந்தக் கையும் மேலும் கீழும் ஆட வேண்டும். இரும்பு இரும்போடு நேரே உரசினால் தேயும், சத்தம் போடும், அதிர்ச்சி முழுவதும் உட்கார்ந்திருப்பவன் முதுகெலும்புக்கு ஏறும். அதனால் நடுவில் ரப்பர். மிட்ஜெட்டில் நாலு மூட்டுக்கு இரண்டிரண்டாக எட்டு. இந்த வேலைக்கு இயற்கை ரப்பர்தான் கெட்டிக்காரன். லட்சம் தடவை முறுக்கினாலும் பழைய நிலைக்கே திரும்பி வரும். அதன் எதிரிகள் எண்ணெயும் வெயிலும் காற்றும். சும்மா நிறுத்தி வைத்தாலும் வெடிக்கும்.

இப்போது பாஸ் சொன்னதற்கு வருவோம். நம்ம தோட்டத்துப் பால் என்பதை எப்படிச் சோதிப்பது?

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குத்தான் வந்தது. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பர் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து மோட்டார் வண்டிகள் பெருகிய கையோடு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் ரப்பராக மாறின. தேயிலை என்றால் நுவரெலியா, ஹட்டன் என்று எல்லோருக்கும் தெரியும். மலையகம் என்ற சொல்லைக் கேட்டதும் கொழுந்துக்கூடைதான் எல்லோர் கண்ணிலும் வருகிறது. சிரட்டையும் பால்கத்தியும் வருவதில்லை. சபரகமுவவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் மலையகத்தாரின் கதைக்குள்ளேயே ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர்கள். இது எங்க பழைய குறை, இங்கே நீட்டவில்லை.

அவிசாவளையிலிருந்து எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்கு 1912இல் களனிவெளி ரயில் வந்தது. இரண்டரை அடி அகலப் பாதை, பொம்மை ரயில் மாதிரி. ரப்பர் ஷீட் கொழும்புத் துறைமுகத்துக்குப் போக அது முக்கிய வழி. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் ரயில் நின்றுபோனது. இன்றைக்குப் பாதை கிடந்த இடத்தில் வீடு, கடை, வாழைத்தோட்டம்.

அந்த ஷீட்டுக்குப் பின்னால் இருந்த வேலை நம்மில் பலருக்கு வீட்டுக் கதை. வெயில் ஏற முந்தி மரத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். பட்டையை மெல்லிசாக, சாய்வாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணியின் வாயும் திறக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. அதுவும் நாட்டிலேயே மழை கூடின ஊர்களில். பாலை ஸ்டோரில் ஊற்றி, அசிட் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகையில் காயப் போட்டால் ஷீட். அதற்குப் பிறகு அது எங்கே போனது, என்னவானது என்று வெட்டியவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கையில் விழுந்தன. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை ரப்பர் நிலம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டச் சொன்னார்கள். கொலைவெட்டு என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் அந்த ரப்பரை இரும்போடு பிரியாமல் ஒட்டும் வித்தையை லெஸ்டரில் இருந்த மெட்டலாஸ்டிக் போன்ற கம்பனிகள் வளர்த்தெடுத்தன. போர் முடிந்து வந்த கார்களின் அடியெல்லாம் ரப்பர் மூட்டுகள் நிறைந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் 1952இல் இலங்கை சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகு நம் ரப்பரில் பெரும் பங்கு சீனாவுக்குப் போனது. ஆகவே 1960களில் செய்த ஒரு மிட்ஜெட் புஷ்ஷில் இருந்தது எஹலியகொடப் பாலா, மலாயாப் பாலா என்று கேட்டால், மலாயாவுக்கே வாய்ப்பு அதிகம். பாஸ் சொன்னதை நாங்க அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மலாயா என்றாலும் வெட்டிய கை யாருடையது என்று யோசித்தால், அங்கேயும் பாதிக்குப் பாதி நம்ம சாதிசனம்தானே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். பாஸ் அதை ரசித்தார்.

மொரிஸ் மைனர் உலகத்துக்குக் காட்டப்பட்டது 1948 அக்டோபர், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது அடுத்த மாதம், 1948 நவம்பரில். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கப்பலில் வந்து இறங்கிய மைனருக்கு ஒரு பதிவுப் புத்தகமும் நம்பரும் கிடைத்து அது இலங்கைக் கார் ஆனது. மூன்று தலைமுறை பால் வெட்டியவர்கள் 1949ஆம் வருடச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, கல்யாணம் முடித்தவர் 7 வருடம், முடிக்காதவர் 10 வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டியிருந்தது. அந்த நம்பர் பிளேட்டும் சும்மா இருக்கவில்லை. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து அதில் ஏறியபோது 1958இல் எதிர்ப்பு வடக்கு கிழக்கில் மட்டுமல்ல, மலையகத்திலும் எழுந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள்.

மிட்ஜெட் மாதிரிக் கார்களை இங்கே யார் வைத்திருந்தார்கள்? கொழும்புப் பணக்காரர்களும் சின்னத்துரைமாரும். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் சீசனுக்கு மலைக்குப் போய் கார் விரட்டுவது ஒரு கூட்டத்தின் பொழுதுபோக்கு. நம்மாட்கள் அதை வேலியோரம் நின்று பார்த்தார்கள், இல்லையென்றால் அந்தக் காரைக் கழுவினார்கள்.

கழுவியவர்களில் சிலர் காருக்கு அடியிலும் படுத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி நிறுத்தப்பட்டது, உதிரிப்பாகமும் சுருங்கியது. 1968இல் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்று ஒரு முறை வந்தது. அவசியம் இல்லாதது என்று கருதிய பொருளுக்கு டொலர் வாங்க, ரூபாய் விலைக்கு மேல் 44 வீதம் கூடக் கட்டணும். 1972இல் அது 65 வீதம். கிங் பின் ஒன்றை இங்கிலாந்திலிருந்து எடுப்பிப்பது வீட்டுக் கல்யாணச் செலவு மாதிரி ஆனது. 1977 வரைக்கும் இதுதான் நிலை.

இந்தப் பதினைந்து சொச்சம் வருடத்தில்தான் இலங்கை மெக்கானிக் உருவானான் என்பது எங்க கணிப்பு. பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகள் ஒரு பக்கம். தோட்டத்து ஸ்டோர்கள் இன்னொரு பக்கம், இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஸ்டோர் என்றால் சும்மா களஞ்சியம் இல்லை. ரஸ்டன் மாதிரி பெரிய இன்ஜின், அதிலிருந்து ஓடும் நீள ஷாஃப்ட், பெல்ட், உருளை, சில இடத்தில் லேத்தும் இருக்கும். அதை ஓட்டவும் உடைந்தால் செய்யவும் பிட்டர் ஒருவர் வேணும். வோக்கர்ஸ், பிரவுன்ஸ் கம்பனி ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை புகைவீடு காத்திருக்குமா? தோட்டத்துப் பையன் ஒருத்தன் கூடமாட நின்று கற்றுக்கொள்வான். அப்படிக் கற்றவர்தான் நம்ம பாஸின் சித்தப்பா, அவரிடம் கற்றவர் பாஸ். துரையின் காரும் அதே கைக்குத்தான் வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டபோது பாஸுக்கு நேரம் போனதே தெரியவில்லை. எங்களுக்கும்.

மிட்ஜெட்டின் முன்பக்க ஷொக் அப்சோபர் இப்போதைய குழாய் மாதிரி இல்லை. வார்ப்பு உடம்புக்குள் எண்ணெயும் பிஸ்டனும், வெளியே நீட்டிய ஒரு கை. அந்தக் கை ஆடும்போது எண்ணெய் சின்ன வால்வு வழியாக நெரிபட்டுப் போகும், அதனால் ஆட்டம் அடங்கும். ஆர்ம்ஸ்ட்ரோங் கம்பனியின் சரக்கு. சங்கடம் என்னவென்றால் அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல் எலும்பும். கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றை மாட்ட முடியாது, சக்கரமே நிற்காது. எண்ணெய் கசிகிறதென்றால் எல்லோரும் சீலைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் தேய்ந்திருப்பது கையின் அச்சு சுழலும் துளை. துளை முட்டை வடிவமாகிவிட்டால் புதுச் சீல் போட்டாலும் மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும். லேத்தில் ஏற்றித் துளையை அகலமாக்கி, வெண்கலக் குழல் ஒன்றைக் கடைந்து இறுக்கி, அதற்குள் அச்சை விட்டால்தான் தீரும். அமெரிக்காவில் இன்றைக்கு இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. பாஸின் சித்தப்பாவுக்கு அமெரிக்கா தெரியாது. வெண்கலம் எங்கே கிடைக்கும் என்று தெரியும், பழைய பம்பு.

அடுத்தது கீழ் ஊசி. விஷ்போனின் நுனியில் கிங் பின்னைப் பிடித்திருக்கும் புரி வெட்டிய ஊசி. கிறீஸ் வைக்காவிட்டால் இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளும், நெருப்பு வைத்தாலும் வராது, அறுத்துத்தான் எடுக்கணும். மைனரிலும் இதே நோய், இன்னும் மோசமாக. அதில் கீழ் மூட்டின் புரி தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும், சக்கரம் காருக்கு அடியில் மடிந்து படுத்துவிடும். வளைவில் திரும்பும்போது நடந்தால் கதை முடிந்தது. "ஒரு கன் கிறீஸுக்குச் சோம்பல் பட்டு உசிர விட்டவன்லாம் இருக்கான்" என்றார். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு அந்தக் கிறீஸ் படவே கூடாது. பட்டால் ஊதி, கொழகொழத்துப் போகும். புஷ்ஷை ஏற்றச் சவர்க்காரத் தண்ணிதான்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஆரம்ப கால ஸ்பிரைட்டிலும் மிட்ஜெட்டிலும் 1964 வரை அது பாதி ஸ்பிரிங், வில்லை நடுவில் வெட்டின மாதிரி. தொய்ந்தால் கார் நாய் உட்கார்ந்த மாதிரி உட்காரும். ஆசாரி பட்டறையில் பட்டைகளைப் பிரித்து மறுபடி வளைவு ஏற்றலாம், ஆனால் சூடு கூடினால் உருக்கின் உயிர் போய்விடும். லொறி ஸ்பிரிங்கிலிருந்து பட்டை வெட்டிப் போட்டவர்களும் உண்டு. கார் நிமிர்ந்தது, ஓட்டுபவர் பல்லுதான் கழன்றது.

இந்தக் கைகள் எல்லாம் எங்கே போயின? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு வெள்ளைத் துரைமார் போனார்கள், கார்கள் உள்ளூர்க் கைக்கு மாறின. தலைமன்னார் கப்பலில் நம்மாட்கள் போனார்கள். ரப்பர் தெரிந்தவர்களைத் தமிழ்நாட்டு அரசு கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் குடியேற்றியது, பின்னால் அது அரசு ரப்பர் கழகம் ஆனது. கர்நாடகத்தில் சுள்ளியா, கேரளத்தில் புனலூர்ப் பக்கமும் அப்படித்தான். 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது பலர் வவுனியா, கிளிநொச்சி என்று போனார்கள். பாஸின் சித்தப்பா அதில் ஒருவர். போகும்போது கொண்டுபோனது ஒரு ஸ்பானர் கட்டு. மைக்ரோமீட்டரை பாஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் இருக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றி. நாங்க தேடி வந்த செக்ரோலை விட அது நல்ல ஆவணம் என்று எங்களுக்குப் பட்டது.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், கார்களைத் தூக்கி எறியாமல் பழுது பார்த்துக் காலத்துக்கும் ஓட்டலாம் என்று புத்தகமே எழுதியவர். அவர் 1990களில் தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு சேர்ந்து மைனர் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். டியூரபிள் கார் கம்பனி என்று பெயர். எந்த நாடு ஒரு காலத்தில் பாகத்துக்காக வரிசையில் நின்றதோ, அந்த நாடு அந்தக் காரின் தாய்நாட்டுக்கே பாகம் அனுப்பியது. இதை வெறும் மலிவான கூலியின் கதை என்று தள்ளிவிடலாம். அந்தப் பகுதியும் உண்மைதான். ஆனால் கூலி மலிவான நாடுகள் எத்தனையோ உண்டு. மைனரின் உடம்பை விரல்நுனியில் வைத்திருந்த பட்டறைக்காரர்கள் இங்கேதான் இருந்தார்கள், தட்டுப்பாடு அவர்களுக்கு அதைப் படிப்பித்திருந்தது.

தட்டுப்பாடு நல்லது என்று நாங்க சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2021இல் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 1000 ரூபாய் நாட்சம்பளம் மூன்று டொலர்கூட இல்லாமல் போனது. அந்த வருசம் மிட்ஜெட் சொந்தக்காரர் கொழும்பில் ஒரு கடை மூலம் இங்கிலாந்திலிருந்து புஷ் எடுப்பித்தார். முன்பணம் வாங்கி, ஏழு மாதம் கழித்துக் கொடுத்தது வேறு காரின் புஷ். பணம் திரும்பவில்லை. கார் கல்லில் ஏறியது அப்போதுதான்.

இப்போது பாஸ் என்ன செய்கிறார் என்றால், பிய்ந்த எட்டில் ஓரளவு முழுசாக இருந்த ஒன்றை அளந்து இரும்பில் அச்சு கடைந்திருக்கிறார். பக்கத்து ஊரில் ரப்பர் சாமான் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் கொடுத்து வார்த்தார்கள். ஷீட்டை அப்படியே உருட்டி வைத்தால் புஷ் ஆகாது. கந்தகமும் கரியும் இன்னும் சில தூள்களும் கலந்து, அச்சில் அழுத்திச் சூடாக்கணும். கடினத்தை ஷோர் என்று ஒரு அளவில் சொல்வார்கள், இந்த வேலைக்கு 60இலிருந்து 70க்குள் இருந்தால் சரி. முதல் தடவை வந்தது அழிரப்பர் மாதிரி மெத்தென்று. இரண்டாவது தடவை செருப்பு அடி மாதிரி. மூன்றாவது தடவை வந்த எட்டுத்தான் அன்றைக்கு மேசையில் வரிசையாக இருந்தது. அந்தப் பட்டறை எந்தத் தோட்டத்து ரப்பர் வாங்குகிறது என்று கேட்டோம். சுற்றுவட்டாரத்துச் சரக்குத்தான் என்றார். அப்படியென்றால் அந்த வாக்கியம் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. பாஸ் தலையை ஆட்டினார், ஆனால் அவர் கவனம் ஜாக்கியில் இருந்தது.

சவர்க்காரத் தண்ணி தொட்டு எட்டையும் ஏற்றினார். நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கினார். நாங்க ஸ்பானரை நீட்டினோம், வாங்கவில்லை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஆறு மாதத்தில் கிழியும். முதலில் பாரம் சக்கரத்தில் இறங்கணும். சக்கரத்தைப் பூட்டி, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, காரை நிலத்தில் விட்டார். எங்களில் இரண்டு பேரை உள்ளே உட்காரச் சொன்னார், பாரத்துக்கு. இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தக் கார் தன் காலில் நின்றது. அப்புறம்தான் கீழே படுத்து, ஸ்பானருக்குக் கை நீட்டினார்.